மூக்கு நீண்ட ஈ

பொன் வேலை செய்யும் அரசப்பன் பத்தர் எதையும் ஒரு தடவை சொன்னால் நம்ப மாட்டார். காரைக்குடியில் அவர் வீட்டுக்குப் பால் ஊற்றியவர் செம்பை நீட்டிவிட்டு ஓரமாக நின்றுகொள்வார். பத்தர் ஒரு சொட்டுப் பாலைக் கட்டைவிரல் நகத்தில் விட்டு, அது எப்படி ஓடுகிறது என்று பார்த்த பிறகுதான் அவருக்கு விடுதலை. பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்து ஊர்ப் பெயரைப் படிப்பார். மழை வரும் என்று ரேடியோ சொன்னால் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார். மழையே பெய்தாலும் கையை நீட்டி நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

"நான் போடுறது சோறுதான்னு உங்கப்பாவை நம்ப வைக்கவே எனக்குப் பல வருஷம் ஆச்சு" என்று அவர் மனைவி சொர்ணவல்லி மகளிடம் சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

1978 ஐப்பசியில் அவர் இறந்தார். இருதயம் என்றார் டாக்டர். அதையும் அவர் நம்பவில்லை. வாயுதான் என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

அவருடைய சந்தேகத்தைப் பற்றிச் சொல்ல ஊரில் எல்லாரிடமும் ஒரு கதை இருக்கிறது. பெரும்பாலும் சிரிக்கிற கதைகள். நேமத்தான்பட்டிப் பெரியகருப்பனின் கல்லைப் பற்றி யாரும் முழுதாகச் சொல்வதில்லை. பாதியை மட்டும்தான் ஊர் அறியும்.

அந்தக் காலத்தில் பெரிய வீடுகளில் நகை வேலை என்றால் பத்தர்தான் குமுட்டி அடுப்பையும் ஊதுகுழலையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். வளவில், வீட்டின் உள்முற்றத்தில், ஓர் இடம் ஒதுக்கிக் கொடுப்பார்கள். வீட்டு ஆள் ஒருவர் எதிரே உட்கார்ந்து, சாயங்காலம் வரை பத்தரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். வேலை முடிந்ததும் அந்த இடத்தைக் கூட்டி, தூசியைக்கூட முடிந்து வைத்துக்கொள்வார்கள். அதில் ஒளிவுமறைவு கிடையாது. அது வழக்கம்.

அரசப்பனுக்கு இருபது வயது இருக்கும். தேவகோட்டையில் ஒரு வீட்டில் வேலை முடித்து எழுந்தவரை நிற்கச் சொன்னார்கள். பொன் எடையில் ஏதோ குறைந்திருந்தது. வேட்டியை உதறச் சொன்னார்கள். உதறினார். குடுமியை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தார். பிறகு யாரோ தராசை மறுபடி பார்த்தார்கள். எடைக்கல் தட்டின் அடியில் மெழுகு ஒட்டியிருந்தது. "சரி, கிளம்பு" என்றார்கள்.

மறுநாள் குடுமியை வெட்டிவிட்டு வந்தார். இனி யார் வீட்டு வாசலிலும் உட்கார்ந்து வேலை செய்வதில்லை என்று வைத்துக்கொண்டார். பொன்னானாலும் கல்லானாலும் பட்டறைக்கு வர வேண்டும். வந்தவர்கள் அவர் கை தெரியாத தூரத்தில், சுவரோரம் கிடக்கும் பெஞ்சில் உட்கார வேண்டும். "என்னை நம்புனாக் குடுங்க. இல்லைன்னா ஊருல பத்தருக்கா பஞ்சம்?" மற்றவர்களை நம்பாத மனிதர் தன்னை மட்டும் நம்பச் சொன்னார். வேலை சுத்தம் என்பதால் ஊர் நம்பியது.

1966-இல் ஒரு நாள் காலை பெரியகருப்பன் வந்தார். பெஞ்சில் நகைத் தரகர் செம்மலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். செம்மலைக்கு வேலை இருக்கிற நாள் குறைவு. வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது.

பெரியகருப்பனைப் பற்றி அரசப்பன் கேள்விப்பட்டிருந்தார். இளவயதில் பர்மாவுக்குப் போய், அங்கே ஒரு செட்டியார் குடும்பத்தின் நெல் வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்த ஊர் அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கொண்டு எல்லாரையும் கப்பலேற்றிவிட்டது. மகள் முத்தழகுவோடு திரும்பி வந்தார். மனைவி அன்னக்கிளி அங்கேயே காய்ச்சலில் போய்விட்டாள். கொண்டுவந்தது என்று ஒன்றும் இல்லை. இருந்தது பேச்சு மட்டும்தான். கண்ணுக்கெட்டிய தூரம் வயல், யானை இழுக்கும் மரம், ஆற்றில் வீடு. நேமத்தான்பட்டி ஆட்கள் பாதி நம்பியும் நம்பாமலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பெரியகருப்பன் மடியை அவிழ்த்து, துணியில் சுற்றிய ஒன்றை நீட்டினார். புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிய கல். தேன் நிறம், ஓரத்தில் கயிறு கோக்க ஒரு துளை.

"அம்பரு, பத்தரே. பர்மாவுல மலைக்குள்ள தோண்டி எடுக்கிறது. மலைக்காரன் ஒருத்தன் எங்க வீட்டுல தங்கிட்டுப் போனான், போறப்பக் குடுத்தான். எம் பொண்டாட்டி கழுத்துலயே கெடந்துச்சு. கப்பலேறுற எடத்துல பொன்னுன்னு இருந்ததையெல்லாம் அதிகாரிமாரு வாங்கி வச்சுக்கிட்டாக. இதைப் பிசினுதானேன்னு கீழ போட்டாக. நான் பொறுக்கி மடியில வச்சுக்கிட்டேன்."

"உள்ள என்னமோ இருக்கே."

"ஈ."

"ஈயா?"

"செத்த ஈ."

"பின்ன உசுரோடயா இருக்கும்" என்றார் செம்மலை, பேப்பரை மடித்து வைத்துவிட்டு.

முத்தழகுவுக்குச் சிங்கம்புணரியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. தாலி கட்டும்போது தாயார் கழுத்தில் கிடந்த கல் மகள் கழுத்தில் இருக்க வேண்டும். பொன் கட்டித் தர வேண்டும். பெரியகருப்பன் வந்த காரியம் அதுதான்.

அரசப்பன் கல்லைக் கம்பளித் துணியில் தேய்த்து, கிழித்த காகிதத் துணுக்குகள் மேல் காட்டினார். துணுக்குகள் துள்ளி ஒட்டின. கெட்டியாகக் கரைத்த உப்புத் தண்ணீரில் போட்டார். மிதந்தது.

"பாத்தீகளா" என்றார் பெரியகருப்பன்.

"பாத்தேன். நேத்துக் காய்ச்சுன பிசினும் இப்படித்தான் மிதக்கும்."

ஊசியைச் சுட்டுக் குத்தி வாசம் பார்க்கலாமா என்று கேட்டார். பெரியகருப்பன் கல்லைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். "அவ கழுத்துல கெடந்தது, சூடு வைக்காதீக."

அதுவே அரசப்பனுக்குப் போதுமானதாக இருந்தது. சோதனைக்குப் பயப்படுகிற பொருள். மறுபடி கல்லை வாங்கி, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்தார்.

ஈதான். இரண்டு இறக்கை, ஆறு கால், பெரிய கண்கள். ஆனால் முகத்திலிருந்து ஒரு மூக்கு நீண்டிருந்தது, உடம்பைவிட நீளமாக, ஊசி போல. கண்களுக்கு நடுவே இரண்டு மீசை, கணுக்கணுவாக. பின்னங்கால் ஒன்றின் பக்கத்தில், கல்லுக்குள்ளேயே, மெல்லிய கோடு ஒன்று இழுபட்டிருந்தது. அரசப்பன் வெகு நேரம் பார்த்தார். வாசலில் வெயில் ஏறும்வரை பார்த்தார்.

"நாளைக்கு வாங்க. கல்லையும் எடுத்துட்டுப் போங்க. எங்கிட்ட இருக்க வேண்டாம்."

அன்று சாயங்காலம் அவர் செய்ததைச் சொர்ணவல்லி பிற்காலத்தில் பலமுறை சொல்லிக் காட்டியிருக்கிறாள். மிட்டாய்க் கடையிலிருந்து இரண்டு ஈ, கறிக்கடையிலிருந்து பச்சை ஈ, வண்டி மாட்டின் முதுகிலிருந்து கடிக்கிற ஈ, அழுகிய மாம்பழத்திலிருந்து பொடி ஈ, எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு வந்தார். பொன் நிறுக்கும் தட்டில் வரிசையாக வைத்து லென்ஸில் பார்த்தார். "மனுசன் ஈயை உரைச்சுப் பாக்காததுதான் பாக்கி" என்பாள்.

மறுநாள் பெரியகருப்பன் வந்தபோது செம்மலையும் இருந்தார்.

"அண்ணே, எல்லா ஈயையும் பாத்துட்டேன். ஒரு ஈக்கும் இம்புட்டு மூக்குக் கெடையாது. எவனோ ஈ மூஞ்சியில எதையோ ஒட்டிப் பிசினை ஊத்தியிருக்கான். கால் பக்கத்துல கோடு இருக்கே, அது ஊசியை விட்டு நகத்துன தடம். சும்மா ஒரு ஈயைப் போட்டு விட்டிருந்தான்னா நானே ஏமாந்திருப்பேன். கைவேலையைக் காட்டப் போயி மாட்டிக்கிட்டான்."



"அவ கழுத்துல அம்புட்டு வருஷம் கெடந்துச்சு பத்தரே."

"கெடந்திருக்கும். அதனால கல்லு நல்ல கல்லாயிருமா?"

பெரியகருப்பன் கல்லைத் துணியில் சுற்றி மடியில் செருகிக்கொண்டு எழுந்து போனார். அரசப்பனுக்கு மனதில் ஒன்றும் உறுத்தவில்லை. உள்ளதைச் சொன்னோம் என்று அடுத்த வேலையை எடுத்தார். போலியைப் போலி என்று சொல்ல முடிந்த நாட்களில் அவர் நன்றாகச் சாப்பிடுவார். அன்றும் சாப்பிட்டார்.

செம்மலையின் வாய் வழியாக அது மத்தியானத்துக்குள் சந்தைக்குப் போனது. வாரம் முடிவதற்குள் நேமத்தான்பட்டிக்குப் போனது. 'ஈக்கல்லு' என்று பெரியகருப்பனுக்குப் பெயர் வந்தது. கல் பொய் என்றானதும் வயலும் பொய்யானது, யானையும் பொய்யானது. ஒருவன் டீக்கடையில் கேட்டானாம்: "பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தாளா, அதுவும் பர்மாக் கதையா?" சிங்கம்புணரிக்காரர்கள் காதில் அது இன்னும் கொஞ்சம் வளர்ந்து விழுந்தது. பெண்ணின் தாய் யார் என்று தெரியாத இடத்தில் எப்படிச் சம்பந்தம் வைப்பது என்று பின்வாங்கிவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து முத்தழகுவை உள்ளூரிலேயே சொந்தத்தில், வயது கூடின ஒருவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கழுத்தில் மஞ்சள் கயிறும் பாசிமணியும்தான். பெரியகருப்பன் அதன்பிறகு பர்மா என்ற சொல்லையே எடுக்கவில்லை.

இதெல்லாம் அரசப்பன் காதுக்கும் வந்தது. "ஏமாந்தவன் மேல எனக்கென்ன கோவம்? நான் கல்லைத்தான் சொன்னேன்" என்றார். இரண்டாவது தடவை யாரும் கேட்காமலே அதைச் சொன்னார்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் போனது. மகள் மீனம்மாள் காரைக்குடியிலேயே கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். பல்லிக்கும் தவளைக்கும் எதற்குப் பட்டம் என்று அரசப்பனுக்குச் சந்தேகம்; ஆனாலும் படிக்க வைத்தார்.

ஒரு நாள் காலை, அட்டிகை ஒன்றைச் சித்திர வேலைக்கு அசையாமல் பிடித்து வைப்பதற்காகக் குங்கிலியத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். குங்கிலியம் மரத்துப் பிசின். மற்றச் சரக்கெல்லாம் சேர்ப்பதற்கு முன், உருகியிருக்கும் போது தெளிவாக, தேன் மாதிரி இருக்கும். இறக்கி வைத்து ஆறிக்கொண்டிருந்த நேரத்தில் ஓர் ஈ வந்து அதன் ஓரத்தில் உட்கார்ந்தது. ஒட்டிக்கொண்டது.

விரட்டப் போன கை நின்றது. ஈ காலை இழுத்தது. ஒரு கால் கொஞ்சம் வந்தது, மறுபடி ஒட்டியது. இன்னொரு தரம் இழுத்தது. பிறகு இறக்கை படிந்தது, பிறகு அசைவில்லை. குங்கிலியம் இறுகிவிட்டது.

அரசப்பன் லென்ஸை எடுத்துக் கண்ணில் இடுக்கினார். பின்னங்காலின் பக்கத்தில், பிசினுக்குள், மெல்லிய கோடு ஒன்று இழுபட்டிருந்தது.

ஊசியால் நகர்த்திய தடம் என்று அவர் சொன்ன அதே கோடு.

அன்று அட்டிகை வேலை நடக்கவில்லை. குங்கிலியச் சட்டியை முன்னால் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். செத்த ஈயைப் பிசினில் வைத்தால் அது காலை இழுக்காது. அந்த ஈ உயிரோடு விழுந்திருக்கிறது. உயிரோடு விழுந்த ஈக்கு மூக்கை யாரும் ஒட்டியிருக்க முடியாது. அப்படியானால் அந்த மூக்கு அதனுடைய மூக்குதான். அப்படியானால்...

கல்லூரியிலிருந்து வந்த மகளைக் கூப்பிட்டார்.

"மீனா, ஒடம்பை விட மூக்கு நீளமா ஒரு ஈ இருக்கா?"

"எங்க?"

"எங்கயாச்சும்."

அவள் விவரம் கேட்டாள். மூக்கு, கணுக்கணுவான மீசை, இறக்கையில் நரம்பு ஓடிய வகை என்று எட்டு வருஷத்துக்கு முன் பார்த்ததை அப்படியே சொன்னார். தரையில் கரியால் வரைந்தும் காட்டினார். மீனம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பர்மா அம்பருன்னா அது பழைய பிசின்ப்பா. மரத்துல வழிஞ்சது மண்ணுக்குள்ள போயிக் கல்லானது, கோடிக்கணக்குல வருஷம். அப்ப இருந்த பூச்சி பலது இப்ப இல்லை. ஒரு வகையே அத்துப் போயிருக்கலாம். இப்ப இருக்கிற ஈயோட வச்சுப் பாத்தா எப்படி ஒத்துப் போகும்?"

"அப்ப நான் தட்டுல வச்சுப் பாத்த ஈ?"

"அதெல்லாம் இந்தக் காலத்து ஈப்பா."

எந்த ஈயைப் போலவும் இல்லை என்பதால் அதைப் போலி என்றிருந்தார். போலி செய்கிறவன் இருக்கிற ஈயைத்தான் போட்டிருப்பான். அரசப்பன் கரிப் படத்தைக் காலால் அழித்தார். "சும்மா சொல்லாதே. புத்தகத்துல பாத்துட்டுச் சொல்லு" என்றார். அது அவருடைய குணம்.

மறுநாள் அவள் "பாத்துட்டேன்ப்பா, நான் சொன்னது சரிதான்" என்றாள். அடுத்த பஸ்ஸில் நேமத்தான்பட்டிக்குப் போனார்.

பெரியகருப்பன் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். தலை முழுவதும் நரைத்திருந்தது. வந்தவரை உட்காரச் சொல்லவில்லை. முத்தழகு பக்கத்து வீட்டிலிருந்து இடுப்பில் பிள்ளையோடு வந்து வேலியோரம் நின்றாள்.

"அண்ணே, அந்தக் கல்லு நல்ல கல்லுதான். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

பெரியகருப்பன் வைக்கோலைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. கண் சுருங்கியது.

"ஏன், இப்ப என்ன வந்துச்சு?"

குங்கிலியத்தில் விழுந்த ஈயைப் பற்றியும், கல்லூரியில் படிக்கிற மகள் மீனம்மாள் புத்தகத்தில் பார்த்ததைப் பற்றியும் அரசப்பன் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது நம்பும்படியாக இல்லை.

"எட்டு வருஷம் கழிச்சு உங்க சட்டியில ஒரு ஈ விழுந்துச்சு, அதனால எங்க கல்லு நல்ல கல்லாயிருச்சு" என்றாள் முத்தழகு. "சிங்கம்புணரிக்காரக வந்தப்ப விழுந்திருக்கக் கூடாதா அந்த ஈ?"



"யாரோ வெலைக்குக் கேட்டிருக்காகபோல" என்றார் பெரியகருப்பன் மகளிடம். "அந்த மாதிரிச் சாமானுக்கு இப்ப மதிப்பு ஏறிருச்சுல்ல. போலின்னு சொல்லிக் கீழ போட வைக்கிறது, அப்பறம் வந்து பொறுக்கிக்கிறது."

"நான் வாங்க வரலைண்ணே."

"வாங்கவும் முடியாது. அதை ஊருணியில எறிஞ்சுட்டேன்."

சொல்லும்போது அவருடைய வலது கை தன்னால் மடிக்குப் போய் ஒரு தரம் தொட்டுவிட்டு வந்தது. வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் கையைப் பார்த்தே பழகியவர் அரசப்பன். கண்டுகொண்டார். காட்டிக்கொள்ளவில்லை.

"சரிண்ணே. எறிஞ்சா எறிஞ்சதுதான். செம்மலைக்கிட்ட நான் சொல்லிட்டேன், ஊருக்குச் சொல்லச் சொல்லி."

"பொய்யைத்தான் அவரு வெரசாக் கொண்டு போவாரு" என்றாள் முத்தழகு.

அது சரிதான். ஒரு மாதம் ஆகியும் நேமத்தான்பட்டிக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

ஆனால் முத்தழகு சும்மா இருக்கவில்லை. பத்தரையும் அவள் நம்பவில்லை, தகப்பனாரையும் நம்பவில்லை. கல் நல்லது என்று தெரிந்தும் பத்தர் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாரா, அல்லது போலி என்று தெரிந்தே தகப்பனார் அம்மா கழுத்தில் போட்டாரா என்று அவளுக்கு ஒரு முள். ஒரு நாள் தகப்பனார் குளிக்கப் போன நேரத்தில், அவர் எறியாமல் முடிந்து வைத்திருந்த கல்லை எடுத்துக்கொண்டு காரைக்குடி பஸ் ஏறினாள். நேரே கல்லூரிக்குப் போய், பத்தர் மகள் மீனம்மாள் எங்கே என்று கேட்டாள்.

மீனம்மாளின் பேராசிரியர் நிதானமான மனிதர். கல்லை மைக்ராஸ்கோப் அடியில் வைக்கக் கேட்டார். முத்தழகு கல்லின் துளையில் நூலைக் கோத்து, நூலின் மறுமுனையைத் தன் விரலில் சுற்றிக்கொண்ட பிறகுதான் கொடுத்தாள். அவர் பார்த்து முடிக்கும்வரை நூலை விடவில்லை. கல்லைத் திருப்புவதற்கு அவர் கையைக் கொண்டு போகும்போதெல்லாம் நூல் இழுபட்டது.

பேராசிரியர் இறக்கை நரம்புகளை எண்ணினார். மீசைக் கணுக்களை எண்ணினார். அலமாரியிலிருந்து தடித்த புத்தகங்களை எடுத்துப் பிரித்தார். மறுபடி பார்த்தார்.

"நீள மூக்கு ஈ சில இடத்துல இன்னைக்கும் இருக்கு. ஆனா இந்த மூக்கும் இந்த மீசையும் இந்த இறக்கையும் சேர்ந்த பேரினம் உயிரோட இருக்கிறதா இந்தப் புத்தகங்கள்ல இல்லை. அத்துப் போன பேரினம்னுதான் நினைக்கிறேன். பேர் வச்சிருக்காங்களான்னுகூட எனக்குத் தெரியலை."

"அப்ப எம்புட்டு வருஷம் பழசு?" என்றாள் முத்தழகு.

"அதுல புத்தகங்களே ஒத்துப் போகலைம்மா. எப்படியும் கோடிக்கணக்குல."

"இதைச் செஞ்சு வைக்க முடியாதுல்ல?"

"இப்படி ஒரு ஈ இருந்துச்சுன்னு தெரிஞ்சாத்தானே ஒருத்தன் செய்வான்?"

சில நாள் கல்லை விட்டுப் போனால் படம் எடுத்து வைக்கலாம் என்று அவர் கேட்டார். முத்தழகு நூலைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். "படம் எடுக்கிறப்பச் சொல்லி விடுங்க. நானும் கூட வாரேன்."

கல்லூரியிலிருந்து நேரே பத்தர் வீட்டுக்கு வந்தாள். பெஞ்சில் உட்காரவில்லை.

"இந்தாங்க பத்தரே. ஐயா ஊருணியில எறிஞ்ச கல்லு. எந்திரிச்சு நடந்து வந்துருச்சு."

அரசப்பன் கையை நீட்டவில்லை. பின்னால் நின்ற மகளைப் பார்த்தார். மீனம்மாள் தலையசைத்தாள்.

"கட்டித் தாரீகளா?"

"கட்டித் தாரேன்த்தா. கூலி வேண்டாம்."

"கூலியைப் பத்திக் கேக்கலை. இங்கன விட்டுட்டுப் போக மாட்டேன். எங்க வீட்டுக்கு வந்து, எங்க கண்ணு முன்னாடி செய்யிறதா இருந்தாச் சொல்லுங்க."

சொர்ணவல்லி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தேவகோட்டை வீட்டுக் கதை அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு எந்தப் பெரிய வீட்டிலிருந்து வண்டி வந்தாலும் திருப்பி அனுப்பிய மனிதர். மீனம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அரசப்பன் குமுட்டியை இழுத்து, அதன் சாம்பலைத் தட்டினார்.

"செவ்வாய்க்கிழமை வாரேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை குமுட்டியையும் ஊதுகுழலையும் கருவிப் பெட்டியையும் கோணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸேறினார். மகள் கூட வந்தாள். கண்டக்டர் கொடுத்த டிக்கெட்டை அன்று அவர் பார்க்கவில்லை. மீனம்மாள்தான் வாங்கிப் பார்த்தாள்.

பெரியகருப்பன் வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் இடம் கொடுத்தார்கள். பெரியகருப்பன் எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்தார். அக்கம்பக்கத்து ஆட்களும் வந்து நின்றார்கள். ஈக்கல்லுக்குப் பொன் கட்டுகிறார்களாம் என்று இரண்டு பேர் சிரித்தார்கள்.

அரசப்பன் வேலையை ஆரம்பிக்கவில்லை. பையிலிருந்து ஒரு துண்டுக் குங்கிலியத்தையும், பாலிஷ் போடுகிறவர்கள் வைத்திருக்கும் ஸ்பிரிட் புட்டியையும் எடுத்தார்.

"அண்ணே, அன்னைக்கு இதை நான் செஞ்சிருக்கணும். ஈயைப் பாத்ததும் முடிவு பண்ணிட்டேன், செய்யலை. இதுக்குச் சூடு வேண்டாம்."

குங்கிலியத் துண்டில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டார். கல்லின் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டார். காத்திருந்தார். பிறகு முத்தழகுவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். குங்கிலியம் அவள் விரலில் பசையாக ஒட்டிக்கொண்டு வந்தது. கல் ஒட்டவில்லை. அவள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை தொட்டாள். சிரித்துக்கொண்டிருந்தவன் ஒருவனையும் கூப்பிட்டுத் தொடச் சொன்னாள்.

"புதுப் பிசின் எளகும். பழசு எளகாது" என்றார் அரசப்பன், எல்லாருக்கும் கேட்கும்படி. "பெரியகருப்பண்ணன் கல்லு நல்ல கல்லு. தப்பாச் சொன்னது நான். காரைக்குடி அரசப்பன்."

பெரியகருப்பன் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, யாரையும் பார்க்காமல், "அந்த மலைக்காரனுக்கு அன்னக்கிளிதான் சோறு போட்டா. காய்ச்சலோட வந்து கெடந்தான்" என்றார். எட்டு வருஷத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பர்மாப் பேச்சு அது. யாரும் சிரிக்கவில்லை.

முத்தழகு உடைந்த தோடு ஒன்றைக் கொடுத்தாள். பெரியகருப்பன் கண் முன்னாலேயே அரசப்பன் அதை நிறுத்து, உருக்கி, தகடாக்கினார். பின்பக்கம் மூடுவதற்குத் தகட்டை வெட்டப் போனபோது முத்தழகு தடுத்தாள்.

"பின்னாடி மூடாதீக. மூடிட்டா உள்ள என்ன செஞ்சீகன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அரசப்பன் தகட்டைக் கீழே வைத்தார். ஓரத்தை மட்டும் வளைத்துக் கட்டினார். அம்பர் சூடு தாங்காது. கூட்டை முதலில் செய்து ஆறவைத்து, கல்லை உட்கார வைத்து, விளிம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி மடக்க வேண்டும். நடுவில் கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, பெரியகருப்பன் எழுந்து பின்னால் போனார். மகளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். வேடிக்கை பார்த்தவர்கள் எப்போதோ கலைந்திருந்தார்கள்.

அரசப்பன் கல்லைப் பலகையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் முழங்காலின் மேல் வைத்துக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு தட்டுதானேப்பா, முடிச்சிருங்க" என்றாள் மீனம்மாள்.

"அவரு வரட்டும்."

கன்றைக் கட்டிவிட்டு வந்து பெரியகருப்பன் எதிரே உட்கார்ந்த பிறகுதான் கல்லைத் தொட்டார்.

வேலை முடிந்தது. முத்தழகு கறுப்புக் கயிற்றில் கோத்து அங்கேயே கழுத்தில் போட்டுக்கொண்டாள். பின்பக்கம் திறந்திருந்ததால் வெயில் கல் வழியாகப் புகுந்து அவள் தோலில் மஞ்சளாக விழுந்தது; நடுவில் மிளகு அளவு ஒரு நிழல், அதன் முகத்திலிருந்து நீண்ட ஒரு கோடு. இடுப்பில் இருந்த பிள்ளை அதைத் தட்டி விரட்டப் பார்த்தது.

அரசப்பன் கருவிகளைப் பையில் போட்டார். எழுந்து நின்றார். யாரும் கேட்கவில்லை. வேட்டியின் மடிப்பை அவிழ்த்து, இரண்டு முனையையும் பிடித்து, நன்றாக உதறினார்.

"அதெல்லாம் என்னத்துக்குப் பத்தரே" என்றார் பெரியகருப்பன்.

"பாத்துக்கங்கண்ணே."

பெரியகருப்பன் குனிந்து, வேட்டியிலிருந்து விழுந்த தூசியைப் பார்த்தார். விரலால் கிளறியும் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் நிமிர்ந்தார்.

"சரியா இருக்கு" என்றார்.

அரசப்பனின் முகம் அன்று தெளிந்திருந்த மாதிரி அவர் மகள் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. வேட்டியைக் கட்டிக்கொண்டு, கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.